கம்பெனி வாங்கும் முடிவில் நிதித் தலைவருக்கு எவ்வளவு இடம்? மண்டபத்திலிருந்து ஒரு கேள்வி

மண்டபம் கேம்ப் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் நண்டும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிற ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் நிதிப் பொறுப்பில் இருக்கிறேன். முதலாளியும் அவருடைய மகன்கள் இரண்டு பேரும்தான் டைரக்டர்கள். நல்ல மனிதர்கள், சம்பளம் ஒரு மாதம் கூடத் தள்ளிப் போனதில்லை.

இப்போது தொண்டிப் பக்கம் இருக்கிற இன்னொரு பதப்படுத்தும் கம்பெனியை வாங்கப் போகிறார்கள். கேட்கிற விலை 30 கோடி. மூத்த மகன் நேரில் போய்ப் பேசி, கை கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். "லாபம் வருஷத்துக்கு 5 கோடி, அதுல 6 மடங்குதான் கேக்குறாங்க, பேங்க்ல பேசி ஏற்பாடு பண்ணிடுங்க" என்றார்கள். என் கையில் இருப்பது மூன்று வருட பேலன்ஸ் ஷீட் மட்டும். அந்த 5 கோடி என்பது வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபம்.

பெரிய கம்பெனிகளில் சி.எஃப்.ஓ., அதாவது நிதித் தலைவர், எந்தக் கட்டத்தில் உள்ளே வருகிறார்? வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா, இல்லை பணம் திரட்டிக் கொடுப்பது மட்டும்தான் வேலையா? சொல்லியும் கேட்கவில்லை என்றால் என்ன செய்வார்? அப்புறம், கடற்கரைத் தொழிலில் இந்த மாதிரி வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். வாங்கக் கூடாது என்பது என் எண்ணம் இல்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

---

கீழக்கரை ஆடிட்டர் எழுதியது:

சார், விலை பேசி முடித்த பிறகு நிதிக்காரரைக் கூப்பிடுவது உங்கள் கம்பெனியில் மட்டும் நடப்பதில்லை. நான் சென்னையில் இந்த வேலையில்தான் இருக்கிறேன், வாரம் ஒரு கோப்பாவது இப்படி வரும்.

முதலில் அதிகாரம் பற்றி. சி.எஃப்.ஓ.வுக்குத் தனியாக வீட்டோ, அதாவது முடிவைத் தடுக்கும் அதிகாரம், எதுவும் கிடையாது. இன்னொரு கம்பெனியை எடுப்பது, அதில் கணிசமான பங்கு வாங்குவது என்பதெல்லாம் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 179-ன்படி போர்டு கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற வேண்டியவை. அதனால் மூத்த மகன் கை கொடுத்தது கம்பெனியின் முடிவு ஆகாது, இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். பங்குகளாக வாங்கினால் பிரிவு 186-ன் வரம்பும் இருக்கிறது: செலுத்தப்பட்ட மூலதனம், ரிசர்வ் (சேர்த்து வைத்த லாபம்), செக்யூரிட்டீஸ் பிரீமியம் (பங்கை முகமதிப்புக்கு மேல் கொடுத்ததில் வந்த தொகை) மூன்றும் சேர்ந்த தொகையில் 60 சதவீதம், இல்லையென்றால் ரிசர்வும் பிரீமியமும் முழுதாக, இரண்டில் எது அதிகமோ அது. அதைத் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும் 10 கோடியோ அதற்கு மேலோ மூலதனம் உள்ள பப்ளிக் கம்பெனிகளுக்கும்தான் சி.எஃப்.ஓ. கட்டாயம், உங்களுடையது பிரைவேட் என்பதால் கட்டாயம் இல்லை. ஆனால் உங்களை முறையாக நியமித்திருந்தால் ஆண்டுக் கணக்கில் உங்கள் கையெழுத்தும் போகிறது. நாளைக்கு அந்தத் தொண்டி பிளான்டின் கணக்கும் அதற்குள்தான் வரும்.

சொல்லியும் கேட்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு எச்.பி. கம்பெனி 2011-ல் பிரிட்டனின் அட்டானமி என்ற மென்பொருள் கம்பெனியை வாங்கிய கதையைப் பாருங்கள். விலை சுமார் 1,100 கோடி டாலர். எச்.பி.யின் சி.எஃப்.ஓ. கேத்தி லெஸ்ஜாக் இது அதிக விலை, நாம் இதற்குத் தயாராக இல்லை என்று போர்டிலேயே எதிர்த்தார். வெளியில் இருந்து வந்தவர் இல்லை அவர், முந்தின வருடம்தான் இடைக்கால சி.இ.ஓ.வாகவும் இருந்தவர். போர்டு கேட்கவில்லை, வாங்கினார்கள். அடுத்த வருடம் நவம்பரில் 880 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ள வேண்டி வந்தது. பெரும்பகுதிக்குக் காரணம் அட்டானமியின் கணக்கில் இருந்த தில்லுமுல்லு என்று எச்.பி. சொன்னது. அட்டானமியின் நிதித் தலைவர் சுஷோவன் உசேனுக்கு அமெரிக்க நீதிமன்றம் ஐந்து வருடச் சிறை கொடுத்தது. நிறுவனர் மைக் லிஞ்ச் மீதான கிரிமினல் வழக்கில் 2024-ல் அவர் விடுதலையானார்.

அந்த ஒரே வியாபாரத்தில் இரண்டு நிதித் தலைவர்கள். ஒருவர் எண்ணை அழகுபடுத்தினார் என்று தண்டனை பெற்றார், மற்றவர் எண் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். உங்கள் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இதிலேயே இருக்கிறது. தடுக்க முடியாமல் போகலாம், ஆனால் போர்டு தெரியாமல் முடிவெடுக்கும்படி விடக் கூடாது.

இன்னொன்று, எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நான் நினைப்பது: பேச்சு தொடங்குவதற்கு முன்பே, 'இதற்கு மேல் போக மாட்டோம்' என்ற விலையை நிதித் தலைவர் எழுதிப் போர்டிடம் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். பேச்சு சூடான பிறகு அந்த எண்ணை யாராலும் புதிதாக உருவாக்க முடியாது. டாடா ஸ்டீல் 2006 அக்டோபரில் ஐரோப்பிய எஃகுக் கம்பெனியான கோரஸுக்கு முதலில் சொன்ன விலை பங்குக்கு 455 பென்ஸ். பிரேசிலின் எஃகுக் கம்பெனி சி.எஸ்.என். போட்டிக்கு வந்தது. கடைசியில் 2007 ஜனவரி 31-ல் முடிந்த ஏலத்தில் சி.எஸ்.என். 603, டாடா 608. மூன்றில் ஒரு பங்கு விலை மூன்றே மாதத்தில் ஏறியது, அந்த இடைவெளியில் கோரஸின் உலைகள் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடவில்லை. அடுத்த வருடமே உலக நெருக்கடி வந்து எஃகுக்குத் தேவை விழுந்தது. 2013-ல் சுமார் 160 கோடி டாலர் மதிப்பைக் கணக்கில் குறைத்தார்கள், 2024 செப்டம்பரில் கோரஸோடு வந்த, பிரிட்டனின் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலையும் மூடப்பட்டது.

உங்களுக்கு இன்னும் தாமதமாகவில்லை. கை கொடுத்திருக்கிறார்கள், பத்திரம் எழுதவில்லை. அந்த 30 கோடி கடனோடு சேர்த்தா, கடன் நீங்கலாகவா? இதை முதலில் கேளுங்கள். வங்கிக்கு 9 கோடி பாக்கி இருந்து, அதையும் நீங்களே கட்டுவதாக இருந்தால் விலை 39.

---

உச்சிப்புளி எழுதியது:

ஆடிட்டர் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போச்சு. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஐஸ் பிளான்ட், உப்பளம், ஏற்றுமதி கம்பெனி என்று நிறைய கோப்பு பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்வதையே வேலையாக வைத்திருக்கும் நிதி மேனேஜர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று தடவை அப்படிச் சொன்னால் நாலாவது தடவை முதலாளி அவரைக் கூப்பிடவே மாட்டார், இவருக்குத் தெரியாமலேயே முடித்துவிடுவார். இந்தத் தம்பிக்கு நடந்ததும் அதுவாக இருக்குமோ என்று யோசித்துப் பார்க்கட்டும்.

டாடா உதாரணம் சொன்னீர்கள், அதே குழுமத்தின் இன்னொன்றையும் சொல்லுங்கள். 2008 ஜூனில் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கு எந்த நிதிக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். பின்னாளில் அது அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பெரிய பலமாக ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே வாங்கியது தப்பில்லை. சிக்கல் வந்தது பணம் ஏற்பாடு செய்த விதத்தில்: 300 கோடி டாலர் இடைக்காலக் கடன், ஒரு வருடத்தில் திருப்ப வேண்டும், நடுவில் அமெரிக்காவின் லேமன் வங்கி விழுந்து சந்தையே சரிந்தது. இருக்கிற பங்குதாரர்களுக்கே உரிமைப் பங்கு வெளியிட்டால் வாங்க ஆள் இல்லை, குழுமமே பெரும்பகுதியை எடுக்க வேண்டி வந்தது. சமாளித்துக் கரை சேர்த்தார்கள். அதைத்தான் நான் நிதித் தலைவரின் நிஜமான வேலை என்று சொல்வேன். முதலாளிக்குத் தொழிலில் ஒரு மூக்கு இருக்கும், எந்தக் கடலில் எப்போது சரக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். எந்தக் கடனை எவ்வளவு காலத்துக்கு வாங்கினால் கம்பெனி தாங்கும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.

உங்கள் கேஸில் நேரடியாகச் சொல்கிறேன். ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்குவதற்கு இந்திய வங்கிகள் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கட்டுப்படுத்தியே வைத்திருந்தது, 2025 அக்டோபரில்தான் அதற்கு வழிவிடுவதாக அறிவித்தது. நம் அளவுக் கம்பெனிக்குக் கிளை மேனேஜர் அதையெல்லாம் உடனே செய்து கொடுப்பார் என்று நம்பி இறங்காதீர்கள். நிலம், கட்டிடம், ஃப்ரீசர் என்று சொத்தாக வாங்கினால் சாதாரண டேர்ம் லோன், எந்தக் கிளைக்கும் புரியும். தயவுசெய்து பேக்கிங் கிரெடிட்டில் கை வைக்காதீர்கள். அது சரக்கு வாங்கி ஏற்றுவதற்குக் கொடுத்த பணம், அதை எடுத்து பிளான்ட் வாங்கினால் நிதியைத் திசைதிருப்பியதாகப் பதிவாகும், கணக்கே சந்தேகத்துக்கு உள்ளாகும். 'இப்போதைக்கு அதுல எடுத்துக்குவோம், லோன் வந்ததும் போட்டுருவோம்' என்று முதலாளி மகன் கண்டிப்பாகச் சொல்வார். அந்த இடத்தில் மட்டும் நீங்கள் மலை மாதிரி நிற்க வேண்டும்.

முழுசாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒரு வருடம் லீசுக்கு எடுத்து நடத்திப் பாருங்கள். இல்லையென்றால் பாதி விலை இப்போது, மீதி இரண்டு வருட லாபத்தைப் பார்த்து என்று பேசுங்கள். விற்பவர் சொல்கிற லாபம் நிஜம் என்றால் அவர் ஏன் மறுக்கப் போகிறார்?

---

தொண்டி அக்கா எழுதியது:

நான் எதிர்ப்பக்கம் இருந்தவள். நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு சிறிய கம்பெனியை வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். பெயர் வேண்டாம். அப்போது வாங்க வந்த கம்பெனியின் நிதித் தலைவர் எப்படி வேலை பார்த்தார் என்பதைச் சொல்கிறேன், தம்பிக்குப் பயன்படும்.

கூட வந்தவர்கள் மெஷினையும் கோல்டு ஸ்டோரேஜையும் சுற்றிப் பார்த்தார்கள். அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து, "சம்மாட்டிகளுக்குக் கொடுத்த அட்வான்ஸ் நோட்டு எங்கே?" என்றார். பேலன்ஸ் ஷீட்டில் 'கடன்களும் முன்பணங்களும்' என்று ஒரே வரியில் போகும் அது. நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும், கம்பெனி சம்மாட்டிக்கு, அதாவது படகுக்காரருக்கு, முன்பணம் கொடுக்கும், அவர் பிடிக்கிற சரக்கு நமக்கு வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். பக்கத்துக்கு ஒரு சம்மாட்டி பெயர், இடது பக்கம் கொடுத்தது, வலது பக்கம் சரக்கில் கழித்தது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, சில இடத்தில் தண்ணீர் பட்டு ஊறிப் போயிருக்கும். அவர் ஒவ்வொரு பக்கத்திலும் வலது பக்கத்தின் கடைசித் தேதியை மட்டும் பார்த்தார். சில பக்கங்களில் இரண்டு சீசனாக வரவே இல்லை. படகை விற்றுவிட்டவர், வேறு கம்பெனிக்குப் போய்விட்டவர், வெளிநாடு போய்விட்டவர். அந்தப் பக்கங்களின் கூட்டுத் தொகையை அப்படியே விலையில் கழித்தார். அப்புறம் ஒன்று கேட்டார்: முதலாளி மாறினால் மீதிப் படகுகள் இங்கேயே சரக்குப் போடுமா? அதற்கு எங்கள் முதலாளியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த உறவு கம்பெனிக்கு இல்லை, முதலாளிக்குத்தான். நீங்கள் வாங்குவது ஃப்ரீசரை மட்டும் என்றால் 30 கோடி கொடுக்க வேண்டியதில்லை, படகுகளும் சேர்ந்து வந்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம்.

லாபத்தையும் அவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் 5 கோடியை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் நானாகப் போடுகிறவை, முறை அவருடையது. இடம் குடும்பச் சொத்து, வாடகை எழுதுவதில்லை என்றால் அதற்கு ஒரு 40 லட்சம். ஐஸ் தம்பியின் ஐஸ் கம்பெனியிலிருந்து குறைந்த விலைக்கு வருகிறது, விற்ற பிறகு அந்த விலைக்குத் தர மாட்டார், 50 லட்சம். முதலாளியும் மனைவியும் மகனும் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறார்கள், அவர்கள் போனால் ஆள் போட வேண்டும், 60 லட்சம். டாலர் ஏறியதில் ஒரே ஒரு வருடம் வந்த லாபம் 50 லட்சம். மொத்தம் 2 கோடி கழிந்துவிட்டது. மீதி 3 கோடி, அதே 6 மடங்கு என்றால் 18 கோடி. 30 எங்கே, 18 எங்கே?

கடைசியாக நண்டு உடைக்கிற பெண்கள். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் எல்லோரும் பதிவேட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பி.எஃப். பாக்கி என்று பின்னால் வரும், விற்றவர் வாங்கியவர் இருவர் மேலும் வரும். ஜி.எஸ்.டி. பாக்கியும் அப்படித்தான். அந்தப் பெண்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பணம் அது, அதைக் கணக்கில் எடுத்து விலை பேசுவதுதான் முறை.

---

ஏர்வாடி தர்கா ரோடு எழுதியது:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் கரையிலேயே கம்பெனி கைமாறிய பெரிய உதாரணம் கடல்பாசிதான். மண்டபம் பக்கம் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பைப் பெரிய அளவில் கொண்டு வந்தது பெப்சிகோ, சுயஉதவிக் குழுப் பெண்கள் மூங்கில் தெப்பம் கட்டி வளர்த்தார்கள். 2008-ல் அந்தத் தொழிலை அக்வாக்ரி என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது. பாசித் தொழில் வளர்ந்தது, ஆனால் 2013 வாக்கில் கடல் சூடாகிப் பாசி பெருமளவு மடிந்து உற்பத்தி விழுந்தது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் கடல் எவ்வளவு சூடாகும் என்று எழுதியிருக்காது. அதனால் நண்டு வரத்து பற்றிக் கம்பெனிக் கணக்கை மட்டும் பார்க்காமல் மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

---

மண்டபம் கேம்ப் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அக்கா, அட்வான்ஸ் நோட்டு கேட்டு அனுப்பியிருக்கிறேன். உச்சிப்புளி ஐயா, பேக்கிங் கிரெடிட் பேச்சு நேற்றே வந்துவிட்டது, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன், முதலாளி கேட்டுக்கொண்டார்.

இரண்டு விஷயம் புதிதாகத் தெரிந்திருக்கிறது. ஒன்று, விற்கிறவர்கள் மே கடைசிக் கணக்கை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள், அப்போது கடனே இருக்காது என்கிறார்கள். இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. அந்தக் கம்பெனி எங்கள் முதலாளியின் சம்பந்தியுடையது. மாப்பிள்ளையும் அங்கே டைரக்டர். குடும்பத்துக்குள் நடக்கிற விஷயத்தில் நான் எப்படிப் பேசுவது என்று புரியவில்லை.

---

கீழக்கரை ஆடிட்டர் எழுதியது:

மே கடைசி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு உடனே புரியும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு நண்டு கொஞ்சம் வரும், கணவாய் வரத்து வெகுவாகக் குறைந்துவிடும். மே முடிவதற்குள் இருந்த சரக்கு போய், வெளிநாட்டுப் பணம் வந்து, பேக்கிங் கிரெடிட் அடைந்திருக்கும், கணக்கு சுத்தமாகத் தெரியும். ஜூன் 15-ஆம் தேதி படகு கிளம்பும்போது சம்மாட்டிக்கு அட்வான்ஸ், ஐஸ், சரக்கு வாங்கப் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் உங்கள் தலையில் விழும். கடன் இல்லாத கம்பெனி என்று விலை கொடுத்து வாங்கி, அடுத்த மாதமே அதே கடனை நீங்கள் எடுப்பீர்கள். இதற்கு ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது: முந்தைய பன்னிரண்டு மாதத்தின் சராசரி நடைமுறை மூலதனம் (சரக்கிலும் பாக்கியிலும் சுழலும் பணம்) எவ்வளவோ அதை அளவாக வைத்து, கைமாறும் நாளில் அதற்குக் குறைவாக இருந்தால் குறைகிற தொகையை விலையில் கழிப்பது. மாதவாரியாக ஸ்டாக்கும் பாக்கியும் கேளுங்கள். வங்கிக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்திருப்பார்கள், அதுவே போதும்.

சம்பந்தி விஷயம். கம்பெனிகள் சட்டத்தில் 'உறவினர்' பட்டியலில் சம்பந்தி இல்லை, ஆனால் மகளின் கணவர் இருக்கிறார். மாப்பிள்ளை டைரக்டராக இருக்கும் பிரைவேட் கம்பெனி உங்கள் கம்பெனிக்குத் தொடர்புடைய தரப்பு ஆகிவிடுகிறது. ஆகவே முதலாளி போர்டில் தன் தொடர்பைத் தெரிவிக்க வேண்டும், அது மினிட்ஸில் ஏற வேண்டும். பங்காக வாங்குகிறீர்களா சொத்தாக வாங்குகிறீர்களா, தொகை எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பங்குதாரர் ஒப்புதலும் தேவைப்படலாம், கம்பெனி செக்ரட்டரியிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள்.

இந்த மாதிரி இடத்தில்தான் நிதித் தலைவர் பேசாமல் இருக்கக் கூடாது என்பதற்கு சத்யம் போதும். 2008 டிசம்பர் 16-ல் ஹைதராபாத் ஐ.டி. கம்பெனி சத்யத்தின் போர்டு, அதன் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய மேடாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. முதலீட்டாளர்கள் கொதித்ததில் சில மணி நேரத்திலேயே பின்வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்து 2009 ஜனவரி 7-ல் ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் பொய்யாகக் காட்டிவந்த, இல்லாத பணத்துக்குப் பதிலாக நிஜச் சொத்தைக் கொண்டு வந்து வைப்பதற்கான கடைசி முயற்சிதான் அந்தக் கொள்முதல் என்று சொன்னார். சத்யத்தின் சி.எஃப்.ஓ.வும் அந்த மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். உங்கள் முதலாளி அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை, நீங்களே நல்ல மனிதர் என்கிறீர்கள். நல்ல மனிதருக்குத்தான் இது அதிகம் தேவை. சம்பந்தியிடம் அவரால் விலை குறைத்துப் பேச முடியாது, பேசினால் மகள் வாழப் போன வீட்டில் மனஸ்தாபம் வரும். வெளியிலிருந்து பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து மதிப்பு வாங்கிக்கொடுங்கள். "நான் சொல்லவில்லை, ரிப்போர்ட் சொல்கிறது" என்று அவர் சம்பந்தியிடம் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்தைச் சொன்னாலே முதலாளி உங்கள் பக்கம் வருவார் என்பது என் அனுபவம்.

போர்டுக்கு நீண்ட அறிக்கை வேண்டாம். இரண்டு பக்கம் போதும்: சரிசெய்த லாபம், இதற்கு மேல் போகக் கூடாத விலை, பணம் எங்கிருந்து வருகிறது, ஒரு சீசன் கெட்டால் தவணை எப்படிக் கட்டுவோம். கடைசியில் உங்கள் கருத்து என்ன என்று ஒரு வரி, கையெழுத்தோடு. அவர்கள் வேறு மாதிரி முடிவெடுத்தால் அதன் பிறகு முழு மனதோடு அதை நடத்திக் கொடுங்கள்.

---

உச்சிப்புளி எழுதியது:

சீசன் கெடுவதோடு சந்தை கெடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதிக்காரர்கள் பட்ட பாடு தெரியும்தானே. அந்தத் தொண்டிக் கம்பெனியின் விற்பனையில் அமெரிக்காவுக்கு எவ்வளவு, மற்ற நாடுகளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு கம்பெனியும் ஒரே நாட்டின் ஒரே வாடிக்கையாளருக்கு விற்கிறது என்றால் வாங்குவதால் உங்கள் அபாயம் இரட்டிப்பாகும். ஏற்றுமதி ஆய்வு முகமையின் அனுமதி கைமாறும்போது தொடருமா, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு எந்தத் தேதி வரை என்பதையும் பார்த்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் ஒரு மாதம் பிளான்ட் மூடிக் கிடந்தால் தவணை காத்திருக்காது.

---

மண்டபம் கேம்ப் எழுதியது:

இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மதிப்பீட்டாளர் யோசனையை முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரி, அப்படியே செய்யுங்க, மூத்தவன்ட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். லீசுக்கு எடுக்கும் யோசனை இளைய மகனுக்குப் பிடித்திருக்கிறது. அட்வான்ஸ் நோட்டின் நகல் நாளை வருகிறது. அக்கா, அதில் கடைசி வரவுத் தேதி தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

---

தொண்டி அக்கா எழுதியது:

நகல் வேண்டாம், நோட்டையே கேளுங்கள் தம்பி, நகலில் பிற்பாடு எழுதிச் சேர்த்தது தெரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் சம்மாட்டியின் கையெழுத்தும் படகின் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அதில் ஐந்தாறு பேரை நீங்களே தேர்ந்தெடுத்து, அதிகாலையில் ஏலம் நடக்கும்போது கரைக்குப் போய், "பாக்கி எவ்வளவுண்ணே இருக்கு" என்று விசாரியுங்கள். அவர் சொல்கிற தொகையும் நோட்டில் இருக்கிற தொகையும் ஒத்துப் போகாத பக்கங்களைத் தனியாக எழுதி ஆடிட்டரிடம் கொடுங்கள்.